கோபுரத்துக்கு எத்தனை பிக்சல்?

"அண்ணே, 4கே டிவி ஒண்ணு பார்த்து வச்சுட்டேன். 18 மாச இ.எம்.ஐ. ஞாயித்துக்கிழமை வந்து 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

போன் பண்ணினது சித்தப்பா பையன். மதுரைக்கு மேற்கே, செக்கானூரணி பக்கம் ஒரு கிராமம். பாலிடெக்னிக் முடிச்சு ஒரு வொர்க்ஷாப்ல சேர்ந்து ஏழு மாசம்தான் ஆகுது. முதல் மூணு மாசச் சம்பளத்தைச் சேர்த்து, தெரிஞ்சவங்ககிட்ட பழைய பிளேஸ்டேஷன் 4 ஒண்ணு வாங்கிட்டான். இப்போ அதுக்கு ஜோடியா டிவி. மாசத் தவணையே அவன் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு. வீட்ல தங்கச்சி ப்ளஸ் டூ. அடுத்த வருஷம் அவளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். 'சரி'ங்கிற வார்த்தை அவ்வளவு லேசா வாயில வந்துடுமா பாஸ்?

"வர்றேன்டா. ஆனா டிவி கடைக்கு முன்னாடி ஒரு மலை ஏறணும். டெய்லர் டேப் ஒண்ணு எடுத்துட்டு வா!"

மலை மேல ஒரு கணக்கு

கீழக்குயில்குடி சமணர் மலை. நாகமலை புதுக்கோட்டையில பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போகணும். காமராஜர் யுனிவர்சிட்டி மக்களுக்கு வழி சொல்ல வேண்டியதே இல்லை. கிளாஸ் கட்டடிச்சவங்களுக்கு இன்னும் நல்லாவே தெரியும்! அடிவாரத்துல தாமரைக் குளம், பெரிய ஆலமரம், கோயில். பாறையில வெட்டின படியில ஏறினா பேச்சிப்பள்ளம். மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலினு வரிசையா சிற்பங்கள். கீழே வட்டெழுத்து. எல்லாம் 1,000 வருஷத்துக் கதை.

அதையும் தாண்டி மேல ஏறினா காத்து ஆளைத் தள்ளுது. கிழக்கே மதுரை மொத்தமும் விரிஞ்சு கிடக்கு. தென்னை, வயல், செங்கல் சூளை, அப்புறம் கட்டடம், கட்டடம், கட்டடம். நடுவுல சின்னதா நீட்டிக்கிட்டிருக்கிறது மீனாட்சி அம்மன் கோயில் கோபுரங்கள்.

"தம்பி, அதுல எத்தனை பொம்மை தெரியுது?"

"பொம்மையா? கோபுரமே கட்டை விரல் நகம் மாதிரிதாண்ணே தெரியுது. அங்கிட்டு எங்கேர்ந்து பொம்மையை எண்றது?"

மேட்டர் இங்கேதான் ஆரம்பிக்குது. நல்ல பார்வை உள்ள கண்ணுக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு டிகிரியை 60 பங்காப் போட்டா வர்ற ஒரு பங்கு. அதைவிடச் சின்ன இடைவெளியில ரெண்டு புள்ளி இருந்தா, கண்ணு அதை ஒரே புள்ளினு எடுத்துக்கும். 3 மீட்டர் தூரத்துல இந்த எல்லை ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு கிலோமீட்டர்ல சுமார் 30 சென்டிமீட்டர். மலையில இருந்து கோயில் சுமார் 9 கிலோமீட்டர்னு வச்சா, 2.6 மீட்டர். தெற்கு கோபுரத்தோட உயரம் சுமார் 52 மீட்டர். வகுத்துப் பாருங்க... நம்ம கண்ணுக்கு அந்தக் கோபுரம் வெறும் 20 புள்ளி உயரம்! 1,500 உருவத்துக்கு மேல இருக்குற கோபுரம், மலை மேல நிக்கிறவனுக்கு 20 பிக்சல் சமாச்சாரம்.

"கோபுரத்துல ஒண்ணும் குறையலைடா. நம்ம நிக்கிற தூரம் அப்படி" என்றேன். தம்பி தலையாட்டினான். ஆனா முகத்துல 'இதுக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம்'ங்கிற கேள்வி அப்படியே இருந்துச்சு.

தெற்குச் சித்திரை வீதி

பஸ் பிடிச்சு பெரியார் ஸ்டாண்ட். அங்கேர்ந்து நடந்து தெற்குச் சித்திரை வீதி. அதே கோபுரத்தை இப்போ அண்ணாந்து பார்க்குறோம். யாளியோட பல்லு தெரியுது, துவாரபாலகர் விரலை நீட்டி மிரட்டுறது தெரியுது, உச்சி உருவத்தோட கண்ணு முழி கூடத் தெரியுது. 60 மீட்டர் தூரத்துல நம்ம கண்ணோட எல்லை ரெண்டு சென்டிமீட்டருக்கும் கம்மி. அதனால சுதைச் சிற்பிகள் பார்த்துப் பார்த்துச் செஞ்ச உழைப்புல பெரும்பகுதி இங்கே நிக்கிறவனுக்கு வந்து சேருது.

"அப்போ பக்கத்துல நின்னாத்தான் புள்ளிக்கு மதிப்பு. அதானேண்ணே?"

அதேதான். மதுரைக்காரங்களுக்கு இது புதுசும் இல்லை. 1952-ல 'பராசக்தி'யோட திறந்த தங்கம் தியேட்டர்ல 2,500 சீட்டுக்கு மேல. ஆசியாவுலயே பெரிய தியேட்டர்னு ஊரே மார் தட்டும். முன் வரிசையில கழுத்து வலிக்கப் பார்த்தவனுக்கும் கடைசி வரிசைக்காரனுக்கும் ஒரே பிலிம்தான் ஓடுச்சு. ஆனா ரெண்டு பேரும் பார்த்தது ஒரே படமா என்ன? அந்தத் தியேட்டர் இப்போ இல்லை. கணக்கு மட்டும் அப்படியே இருக்கு.

கடையில பறக்குற கிளி

அடுத்து டவுன்ஹால் ரோடு. தம்பி பார்த்து வச்ச டிவி அங்கே ஒரு கடையில. உள்ளே நுழைஞ்சதுமே பச்சைக்கிளி ஒண்ணு சிறகை விரிக்குது. ஒவ்வொரு இறகும் தனித்தனியா... சும்மா சொல்லக்கூடாது, அசத்தல்!

டேப்பை எடுத்தோம். நாங்க நின்ன இடத்துல இருந்து டிவி ரெண்டரை அடி. அந்தக் கடையில அதுக்கு மேல பின்னாடி போக இடமே இல்லை.

"உன் வீட்ல எவ்வளவு தூரத்துல உட்காருவே?"

"எட்டு அடி இருக்கும்ணே."

கடைத் தம்பிகிட்ட இன்னொரு கேள்வி கேட்டேன். "இவன்கிட்ட இருக்குறது சாதா பி.எஸ்.4. அது 4கே குடுக்குமா?" அவர் சிரிச்சுக்கிட்டே, "டிவி தானா அப்ஸ்கேல் பண்ணிக்கும் சார்" என்றார். நல்ல பதில். ஆனா பாதி பதில். 2013-ல வந்த சாதா பி.எஸ்.4 அதிகபட்சம் குடுக்குறது 1080 வரி, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளி. 4கே-ன்னா 82.9 லட்சம். 4கே-க்குன்னே 2016-ல 'புரோ' மாடல் தனியா வந்துச்சு. தம்பிகிட்ட இருக்குறது அது இல்லை. ஆக, அவன் பார்க்கப்போற நாலு புள்ளியில ஒண்ணுதான் பெட்டியில இருந்து வரும். மீதி மூணும் டிவி குத்துமதிப்பா போட்டு நிரப்புறது.

தம்பி முகம் சுருங்கிப் போச்சு. "நாளைக்கு பி.எஸ்.5 வாங்கினா?" என்றான். நியாயமான கேள்வி. அதுக்கும் பதில் தேடிப் போனோம்.

பிளாஸ்டிக் சேர் டெஸ்ட்

2000-கள்ல காலேஜ் படிச்சவங்களுக்கு கேம் சென்டர் ஞாபகம் இருக்கும். மாடிப்படிக்குக் கீழே ஒரு ரூம், நாலு பி.எஸ்.2, நாலு டூம் டிவி, மணிக்கணக்குல வாடகை. 'சான் ஆண்ட்ரியாஸ்'ல சைக்கிள் ஓட்டினோமே, அப்போ திரையில இருந்தது மூணு லட்சம் புள்ளிக்கும் கம்மி. யாராவது குறை சொன்னோமா? கரன்ட் போனப்போ மட்டும்தான் கத்தினோம்!

அந்தக் காலத்து அண்ணன் ஒருத்தர் இன்னும் கேம் சென்டர் நடத்துறார். இப்போ பி.எஸ்.5, 43 இன்ச் 4கே டிவி. மத்தியானச் சாப்பாட்டு நேரம், கூட்டம் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் உற்சாகமாயிட்டார்.

"தம்பி, நீ அந்தச் சேர்ல உட்காரு. நான் 1080-க்கும் 4கே-க்கும் மாத்தி மாத்தி வைப்பேன். எதுன்னு நீயே சொல்லு."

மாத்துற நேரத்துல முதுகைக் காட்டித் திரும்பிக்கணும். எட்டு அடி தூரம். பத்து தடவை. தம்பி சரியாச் சொன்னது ஆறு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அஞ்சு வந்திருக்கும்! சேரை மூணு அடிக்கு இழுத்துப் போட்டோம். இப்போ பத்துக்கு ஒன்பது.

காரணம் மலை மேல போட்ட அதே கணக்கு. 43 இன்ச் டிவியில 1080-னா ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். எட்டு அடியில நம்ம கண்ணோட எல்லை 0.7 மில்லிமீட்டர். புள்ளி ஏற்கெனவே கண்ணுக்குச் சிக்காத சைஸ்ல இருக்கு. அதை இன்னும் நாலாக் கிழிச்சு என்ன செய்ய?

அடுத்த டெஸ்ட்தான் ஹைலைட். 2020-ல வந்த 'ஸ்பைடர்-மேன்: மைல்ஸ் மொரேல்ஸ்' கேம்ல இந்த ரெண்டு மோடும் உண்டு. ஒண்ணு 'ஃபிடெலிட்டி': 4கே தெளிவு, ஆனா நொடிக்கு 30 படம். இன்னொண்ணு 'பெர்ஃபார்மன்ஸ்': தெளிவு கொஞ்சம் கம்மி, நொடிக்கு 60 படம். எதுன்னு சொல்லாம தம்பி கையில கன்ட்ரோலரைக் குடுத்தார். பத்து நொடி கூட ஆகலை.

"அண்ணே, முதல்ல வச்சது கையோட ஒட்டலை. இதான் வழுக்கிட்டுப் போகுது!"

30 படம்னா ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல 33 மில்லிசெகண்ட். 60-னா அதுல பாதி. கண்ணு ஏமாறலாம், கட்டை விரல் ஏமாறாது. 2024 செப்டம்பர்ல பி.எஸ்.5 புரோ அறிமுகத்துல சோனியோட மார்க் செர்னி சொன்னதும் இதேதான். மோடு தேர்ந்தெடுக்கச் சொன்னா, நாலுக்கு மூணு பங்கு 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கம்தான் போகுதாம். எச்.டி. காலம்னு ஊரெல்லாம் விளம்பரம் ஓடின 2007-லயே 'கால் ஆஃப் டியூட்டி 4' வெறும் 600 வரியிலதான் ஓடுச்சு. ஆனா 60 படம். அந்த கேமைக் கொண்டாடாத பசங்க உண்டா?

அப்போ 4கே வெறும் சீனா?

அவசரப்படாதீங்க மக்களே. அண்ணன் இன்னொண்ணும் காட்டினார். திரையை நாலாப் பிரிச்சு நாலு பேர் கார் ரேஸ். 1080-ல ஆளுக்குக் கிடைக்கிறது 960-க்கு 540 புள்ளிதான். தூரத்துல வர்ற வளைவு தெரியாம மூணு பேர் சுவத்துல முட்டினோம். 4கே-ல வளைவு முன்னாடியே தெரிஞ்சுது. கம்பி வேலி, தலைமுடி, மர இலை எல்லாம் கம்மி தெளிவுல மினுமினுன்னு நடுங்குறதையும் கவனிச்சோம். அது எட்டு அடியிலயும் உறுத்தத்தான் செய்யுது.

எழுத்தும் அப்படித்தான். 2006-ல வந்த 'டெட் ரைசிங்' கேம் எச்.டி. டிவிக்குன்னே பொடி எழுத்தோட வந்துச்சு. பழைய டிவி வச்சிருந்தவங்க அடுத்து என்ன பண்ணணும்னே படிக்க முடியாம திண்டாடினாங்க. ஆக, பெரிய திரை, பக்கத்து சேர், பொடி எழுத்து, பிரிச்ச திரை... இந்த நாலுல எது உங்க வீட்ல இருந்தாலும் தெளிவுக்குக் காசு போடலாம். இல்லைன்னா யோசிக்கணும்.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிச்சுக்கிட்டே தம்பிக்கு ஒரு ஷார்ட்கட் சொல்லிக் குடுத்தேன். டிவியோட இன்ச்சை ஒன்றரையால பெருக்கு. 43 இன்ச்னா சுமார் 65 இன்ச், அதாவது அஞ்சரை அடி. அதைவிடப் பின்னாடி உட்கார்றவனுக்கு 1080-க்கும் 4கே-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

பரண் மேல ஒரு துப்பாக்கி

சாயங்காலம் செக்கானூரணி பஸ்ல வயக்காட்டைப் பார்த்துக்கிட்டே ஊர் வந்து சேர்ந்தோம். வீட்ல டேப் போட்டு அளந்தா, சுவத்துல இருந்து கட்டில் வரைக்கும் எட்டே கால் அடி.

அப்பத்தா ரூம் மூலையில இன்னும் உட்கார்ந்திருக்கு 14 இன்ச் டிவி. 2006-ல தொடங்கின இலவச கலர் டிவி திட்டத்துல வந்தது. நாங்க லீவுக்கு வந்தா, சந்தையில வாங்கின டிவி கேமை அதுலதான் மாட்டுவோம். தம்பி பரண்ல ஏறி அந்தப் பெட்டியை இறக்கினான். கூடவே வாத்து சுடுற பிளாஸ்டிக் துப்பாக்கி!

மாட்டினோம். ஓடுது! 256-க்கு 240 புள்ளி. மொத்தமே 61,440. 4கே-ல அதைப்போல 135 மடங்கு. சந்தோஷம் 135 மடங்கு ஆச்சா? துப்பாக்கியில வேற ஒரு கூத்து. ட்ரிக்கரை அழுத்தின நொடியில திரை கறுப்பாகி, வாத்து இருக்குற இடம் மட்டும் வெள்ளையா மின்னும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி பிடிக்கும். படம் உடனுக்குடன் வர்ற டூம் டிவியிலதான் அது வேலை செய்யும். இன்னைக்கு வர்ற ஃப்ளாட் டிவி, படத்தை வாங்கிப் பதம் பார்த்துக் காட்டுறதுக்குள்ள வாத்து பறந்துடும். அதனாலதான் புது டிவியில 'கேம் மோடு' இருக்கான்னு முதல்ல கேட்கணும். அந்தத் தாமதம் குறைஞ்சா கிடைக்கிற லாபத்தைக் கை உடனே சொல்லும்.

தங்கச்சி ஒரே ரவுண்டுல எட்டு வாத்து. தம்பி ரெண்டு. அப்பத்தா வெத்தலையை மென்னுக்கிட்டே, "இந்த டிவிக்கு என்னடா குறைச்சல்?" என்றார். பதில் சொல்ல ஆளில்லை.

ராத்திரி கிளம்புறப்போ தம்பி பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தான்.

"அண்ணே, கேம் மோடு இருக்குற ஃபுல் எச்.டி. ஒண்ணு பார்க்குறேன். கையில இருக்குற காசுக்குள்ள. தவணை வேணாம். பி.எஸ்.5 வர்றப்போ வரட்டும். அப்போ பெரிய டிவி விலையும் இறங்கியிருக்கும்ல?"

"தங்கச்சி ஃபீஸ்?"

"மாசாமாசம் அந்தத் தவணைக் காசை அப்படியே அம்மாகிட்ட குடுத்துடறேன். ஜூனுக்குள்ள முக்கால்வாசி சேர்ந்துடும்."

நான் சொல்ல வந்த 'சரி' அப்போதான் வாயில வந்துச்சு.

நீங்களும் டிவி வாங்கப் போறீங்களா பாஸ்? கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்ல கட்டில்ல இருந்து சுவர் வரைக்கும் ஒரு தடவை டேப் பிடிச்சு அளந்துடுங்க. டேப் பத்து ரூபாதான்!