இரட்டை இறக்கை விமானமும் ஒரு பொய்யும்

"ரிட்டையர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகிறது?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கோயில், பேரன் பேத்தி, டிவி சீரியல் என்று ஏதாவது பதில் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். "விமானம் கட்டுகிறேன்" என்றால் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை. ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம். இன்றைக்கு அதைப் பற்றியும், அதன் பெயரில் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியும் எழுதப் போகிறேன்.

இந்தப் பைத்தியம் புதிது அல்ல. கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோதே தொற்றிக்கொண்டது. அப்போதெல்லாம் ரேடியோ கிடையாது. விமானத்தின் இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் நம் கைக்கு வரும். நடுவில் நின்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தலை சுற்றிக் கீழே விழுந்தவர்கள் உண்டு. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள். அந்த வாசனை சட்டையில் ஏறினால் மூன்று நாளைக்குப் போகாது. பிறகு வேலை, கல்யாணம், குழந்தைகள், வீட்டுக் கடன். நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் ஓடிப் போயிற்று. 2014-ல் ஓய்வு பெற்ற மறு மாதமே ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன்.

முதலில் தெர்மோகோல் போன்ற நுரை அட்டையில் செய்த பயிற்சி விமானங்கள். மூன்றை உடைத்தேன். நான்காவது உடையவில்லை. கை பழகிவிட்டது என்று தெரிந்ததும் ஆசை பெரிதானது. இரட்டை இறக்கை வைத்த சாகச விமானம் ஒன்று கட்ட வேண்டும்.

'பிட்ஸ் ஸ்பெஷல்' என்று ஒரு விமானம் உண்டு. அமெரிக்காவில் கர்டிஸ் பிட்ஸ் என்பவர் வடிவமைத்து, 1944-ல் முதலில் பறந்தது. குட்டி உடம்பு, மேலும் கீழும் இரண்டு குட்டை இறக்கைகள். பெட்டி ஸ்கெல்டன் என்ற பெண் விமானி இந்த வகை விமானத்தில்தான் வானத்தில் குட்டிக்கரணம் போட்டுப் புகழ் பெற்றார். அவருடைய விமானம் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் தலைகீழாகத் தொங்குகிறது. அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு விமானம் கண்ணுக்குத் தெரியவில்லை.

பிளான் கிடைத்தது. இறக்கை நீளம் நான்கு அடி. பால்சா மரம் வாங்கினேன். ஈக்வடார் நாட்டிலிருந்து வருகிற மரம். கையில் எடுத்தால் வெறுங்கை போல இருக்கும். கட்டி முடிக்க நான்கு மாதம் ஆனது. ஹாலில் இருந்த சாப்பாட்டு மேஜை நான்கு மாதமும் எனக்கே சொந்தம். இரட்டை இறக்கை என்றால் எல்லாமே இரண்டு மடங்கு வேலை. நாற்பதுக்கு மேல் விலா எலும்புகள் வெட்டித் தேய்க்க வேண்டும். மேல் இறக்கையும் கீழ் இறக்கையும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும். அரை டிகிரி பிசகினாலும் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

"ஒரு இறக்கை வெச்சா பறக்காதா? அதான் ஊர்ல எல்லா பிளேனும் பறக்குதே" என்றாள் மனைவி. அவளுடைய இஸ்திரிப் பெட்டியை எடுத்து, சூடு பட்டால் இறுகும் பிளாஸ்டிக் படலத்தை இறக்கை மேல் ஒட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பதில் பேசாமல் இருந்தேன். பெட்டியின் அடியில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது அவளுக்கு இன்னும் தெரியாது.

அடுத்த பிரச்சினை இன்ஜின். பிளான் 7.5 சி.சி. குளோ இன்ஜினுக்குப் போட்டது. நண்பர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த இன்ஜினையும் கொடுத்தார். ஆனால் அதற்கு எரிபொருள் மெத்தனால். தமிழ்நாட்டில் மெத்தனாலுக்கு 1959-லிருந்தே தனி விதிகள் உண்டு. கள்ளச் சாராயத்தில் கலந்து எத்தனை உயிர்களைக் குடித்தது என்று நமக்குத் தெரியும். உரிமம் இல்லாமல் அதைத் தேடிப் போவது இந்த வயதில் தேவையா? இன்ஜினை எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, மின்சார மோட்டாருக்கு மாறினேன்.

மாற்றுவது என்றால் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைப்பது அல்ல. கணக்கு இருக்கிறது. சாகசம் செய்கிற மாடலுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 300 வாட் வேண்டும் என்பது அனுபவக் கணக்கு. என் விமானம் 2.4 கிலோ. ஆக 720 வாட். நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 14.8 வோல்ட், 50 ஆம்பியர் இழுத்தால் 740 வாட். சரியாக வருகிறது. ஒரு வோல்ட்டுக்கு 700 சுற்று சுற்றுகிற மோட்டார், 13 அங்குல விசிறி, 60 ஆம்பியர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி.

மோட்டார் இன்ஜினைவிடக் குட்டை. அதனால் அதை முன்னே தள்ளி நிறுத்த நான்கு அலுமினியத் தூண்களைப் பழைய சிநேகிதர் ஒருவரின் லேத்தில் கடைந்து கொண்டு வந்தேன். மோட்டார் இன்ஜினைவிட எடையும் குறைவு. மூக்கு இலேசானால் விமானம் வால் கனத்துத் தறிகெட்டுப் போகும். எனவே 420 கிராம் பேட்டரியை முன்பலகைக்கு ஒட்டினாற்போல வைக்க வேண்டியிருந்தது. அதை எடுத்து மாட்ட அடிவயிற்றில் ஒரு கதவு வெட்டினேன். கட்டி முடித்த விமானத்தின் வயிற்றைக் கத்தியால் கிழிப்பது எவ்வளவு மனக்கஷ்டம் என்பது கட்டியவனுக்குத்தான் தெரியும். மோட்டாரும் பேட்டரியும் சூடாகாமல் இருக்க, காற்று உள்ளே வர ஒரு துளை, வெளியே போக அதைவிடப் பெரிய துளை. வெளியேறும் வழி சின்னதாக இருந்தால் காற்று உள்ளே நுழையவே நுழையாது. இதை மில்லில் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டில் கற்றது!

பிளானில் கீழ் இறக்கைக்கு மட்டும்தான் உருள வைக்கும் பலகைகள் இருந்தன. நான் மேல் இறக்கைக்கும் வெட்டி, கீழே இருப்பதோடு ஒரு கம்பியால் இணைத்தேன். கீழே அசைந்தால் மேலேயும் அசையும். இதனால் விமானம் பம்பரம் மாதிரி உருண்டது.

மாசி கடைசியில் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றிவிடும். அதுதான் எங்கள் விமான தளம். பறக்கத் தடை இல்லாத பகுதிதானா என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டோம். என்னோடு ஒரு பொறியியல் கல்லூரி மாணவர், எங்கள் தெருத் தம்பி, எப்போதும் வருவார். முதல் ஓட்டத்தில் தரையிலேயே வட்டமடித்து இறக்கையை மண்ணில் தேய்த்தது. பிட்ஸ் குலத்துக்கே உள்ள குணம் அது. குட்டை உடம்பு, வாலில் சக்கரம். இரண்டாவது முறை எழும்பியது. ஆனால் இடது பக்கமே இழுத்தது. விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். மோட்டாரின் இடது பக்கத் தூண்களுக்கு அடியில் வாஷர் போட்டு இரண்டு டிகிரி வலதுபக்கம் பார்க்க வைத்தேன். மூன்றாவது முறை அது நேராகப் போய், மேலே ஏறி, தலைகீழாகி, முழு வட்டம் போட்டு வந்தது. அறுபது வயதுக்கு மேல் நான் கைதட்டிக் குதித்தது அன்றைக்குத்தான்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகுதான் கண்.

முதலில் தெரு விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. பிறகு வானத்தில் விமானம் சிறிது மங்கலாக. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். வயது என்று சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டிரான்ஸ்மிட்டரைக் கீழே வைக்கச் சொல்வார்களே!

ஒரு நாள் மாலை, மேகம் மூடியிருந்தது. விமானம் தூரத்தில் வெறும் கறுப்பு நிழலாகத் தெரிந்தது. அது என்னை விட்டு விலகிப் போகிறது என்று நினைத்தேன். உண்மையில் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. எதிரே வருகிற விமானத்துக்கு இடது என்பது நமக்கு வலது. இடதுபக்கம் திருப்பக் குச்சியைத் தள்ளினேன். அது வலதுபக்கம் சாய்ந்தது. இன்னும் தள்ளினேன், இன்னும் சாய்ந்தது. பதறி எலிவேட்டரை இழுத்தேன். பக்கவாட்டில் படுத்திருந்த விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கியது, கருவேல மரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவை நோக்கி.

அவரிடமிருந்து பதினைந்து அடியில் விழுந்தது. ஆடுகள் நாலாபக்கமும் சிதறி ஓடின. 2.4 கிலோ எடை, அந்த வேகம், முன்னால் சுற்றும் விசிறி. நான் ஓடிப் போனபோது அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்கய்யா இது, கொல்லப் பாத்தீங்களே!"

"சிக்னல் போயிடுச்சும்மா" என்றேன். ரேடியோ மேல் பழி போட்டேன். தம்பியிடமும் அதையே சொன்னேன். வீட்டிலும் அதையே சொன்னேன்.

மறுநாள் உடைந்த துண்டுகளை மேஜையில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பி ரிசீவரைச் சோதித்தார். நன்றாகவே வேலை செய்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"சார், சிக்னல் போனா மோட்டார் தானா நிக்கிற மாதிரி நீங்கதானே செட் பண்ணி வெச்சீங்க. எனக்குக் காட்டிக்கூடக் குடுத்தீங்க. ஆனா நேத்து கீழ விழற வரைக்கும் மோட்டார் சத்தம் கேட்டுச்சே."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உடைந்த விலா எலும்புகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டார். முப்பத்தைந்து வருடம் மில்லில், "மிஷின் பொய் சொல்லாது, ஆள்தான் பொய் சொல்வான்" என்று ஃபிட்டர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். அன்றைக்கு அந்தப் பாடத்தை இருபது வயதுப் பையனிடம் நான் கேட்டுக்கொண்டேன்.

"சிக்னல் போகல தம்பி. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றேன். சொல்லி முடித்ததும் கழுத்திலிருந்து ஒரு சுமை இறங்கின மாதிரி இருந்தது.

இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றன் பின் ஒன்றாக அறுவை சிகிச்சை நடந்தது. புது லென்ஸ் வைத்த பிறகு ஆகாயம் இவ்வளவு நீலமா என்று ஆச்சரியப்பட்டேன். விமானத்தின் சிவப்பைக்கூட நான் பழுப்பாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண் ஆறும் வரைக்கும் சும்மா உட்காரவில்லை. தம்பி ஒட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, விமானம் மறுபடி உருவானது. இந்த முறை மேல்பக்கம் சிவப்பும் வெள்ளையும். அடிப்பக்கம் மஞ்சளில் அகலமான கறுப்புப் பட்டைகள். எது வயிறு, எது முதுகு என்று தூரத்திலேயே தெரியும். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. அழகு கெடும் என்று விட்டிருந்தேன்.

இன்னொரு மாற்றமும் செய்தோம். இப்போது இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள். என்னுடையதும் தம்பியுடையதும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். நான் தடுமாறினால் அவர் ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும், விமானம் அவர் கைக்குப் போய்விடும். புதிதாகக் கற்பவர்களுக்கான ஏற்பாடு இது. மேகம் மூடினால் பறப்பதில்லை. மாடல் விமானத்தைக் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள்தான் பறக்கவிட வேண்டும் என்று 2021 ட்ரோன் விதிகளும் சொல்கின்றன. யாருடைய கண் என்பதை நாம்தான் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

மறுபடி பறக்கவிடுவதற்கு முன் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். "அன்னைக்கு சிக்னல் போகலம்மா, என் கண்ணுதான் ஏமாத்திடுச்சு" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆபரேசன் பண்ணியாச்சா?"

"ஆச்சும்மா."

"எனக்கும் ஒரு கண்ணு அப்படித்தான் இருக்கு. பயமா இருக்கு" என்றார்.

அடுத்த முகாமுக்கு அவரைப் பதிவு செய்து, மனைவியோடு அனுப்பி வைத்தேன். இப்போது நாங்கள் கண்மாய்க்குப் போனால் அவர் கம்பை உயர்த்திக் காட்டுவார். ஆடுகள் எல்லாம் மேற்குக் கரைக்குப் போய்விட்டன, நீ கிழக்கே ஓட்டிக்கொள் என்று அர்த்தம். அந்தக் கம்பு உயர்ந்த பிறகுதான் பேட்டரியை மாட்டுவேன்.

இஸ்திரிப் பெட்டி விஷயம் மட்டும் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. இந்தப் பதிவை அவள் படித்தால் தெரிந்துவிடும்.