பெயர் சொல்லாத கொடை

காவிரிப் படுகையில் சம்பாப் பயிர் கதிர் முற்றித் தலைசாய்க்கும் மார்கழியில்தான் கிறித்துமஸ் வருகிறது. எங்கள் கீழ்வேளூரில் அன்று காலை, பக்கத்துக் கிறித்தவ வீட்டிலிருந்து துணி மூடிய தட்டு ஒன்று எங்கள் வீட்டுக்கு வரும். முறுக்கும் அதிரசமும் ஒரு துண்டு கேக்கும் அதில் இருக்கும். வெறுந்தட்டைத் திருப்பித் தரலாகாது என்பார் அம்மா. ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது இட்டே அனுப்புவார். பொங்கலன்று எங்கள் வீட்டுத் தட்டு அவர்கள் வீட்டுக்குச் செல்லும். ஒத்த நிலையினர் ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்வதில் கூச்சத்துக்கு இடமில்லை. இல்லாதவருக்கு வழங்கும்போதோ, கொடுக்கும் முறையிலும் கருத்து வேண்டும். கிறித்துமஸ் பரிசின் வரலாறு தொடங்குவது அங்கேதான்.

சிவப்பு உடையும் வெண்தாடியுமாக நாம் காணும் கிறித்துமஸ் தாத்தாவின் வேடத்துக்குள் ஓர் ஆயர் இருக்கிறார். இன்றைய துருக்கி நாட்டின் தென்பகுதியில் இருந்த மைரா நகரில், 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நிக்கோலஸ் என்பவரே அவர். வாழ்ந்து கெட்ட ஒருவர், தம் மூன்று பெண்களுக்கும் மணக்கொடை தர வழியின்றித் தவித்தாராம். அதை அறிந்த நிக்கோலஸ், இரவில் அவ்வீட்டுச் சாளரத்தின் வழியே பொன்முடிப்பை இட்டுச் சென்றார். இவ்வாறு மும்முறை நிகழ்ந்தது. மூன்றாம் முறை காத்திருந்து கண்டுகொண்ட தந்தையிடம், இதை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதாக மரபுக்கதை கூறுகிறது.

அவருடைய திருநாளான டிசம்பர் 6ஐ ஒட்டிக் குழந்தைகளுக்குப் பரிசளிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியது. சமயச் சீர்திருத்தத்துக்குப் பின், ஜெர்மனியின் பல பகுதிகளில் பரிசு நாள் கிறித்துமஸுக்கு மாறியது. 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றி, 1781 வரை தம்வசம் வைத்திருந்த டச்சுக்காரர்களை நாம் அறிவோம். அவர்களுடைய மொழியில் இந்த ஆயரின் பெயர் ‘சின்டர்கிளாஸ்’. அப்பெயரே அமெரிக்காவில் ‘சாண்டா கிளாஸ்’ ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் வரைந்த படங்கள், அவருக்குப் பருத்த உடலையும் சிரித்த முகத்தையும் தந்தன. உருவம் மாறியபோதும், இரவில் வந்து எவரும் காணாமல் பரிசை வைத்துச் செல்லும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஏன் இந்த மறைவு? வலக்கை செய்யும் அறத்தை இடக்கையும் அறியலாகாது என்பது இயேசுவின் போதனை. கொடுப்பவரின் செருக்கை அது தடுக்கிறது. பெறுபவருக்கும் அதனால் ஒரு நன்மை உண்டு. அதைத் தொல்காப்பியத்தின் துணைகொண்டு விளங்கிக்கொள்ளலாம். கேட்பவர் தாழ்ந்தவராயின் ‘ஈ’ என்பார். ஒத்தவராயின் ‘தா’ என்பார். உயர்ந்தவராயின் ‘கொடு’ என்பார் என்று சொல்லதிகாரம் வகுத்துரைக்கிறது. வாய்திறந்து கேட்ட உடனே கேட்பவரின் நிலை வெளிப்பட்டுவிடுகிறது. மைரா நகரத்துத் தந்தைக்கோ இம்மூன்றில் எந்தச் சொல்லும் தேவைப்படவில்லை. பொன்னோடு அவருடைய மானத்தையும் காத்துத் தந்தார் நிக்கோலஸ்.

2004ஆம் ஆண்டுக் கிறித்துமஸுக்கு மறுநாள் காலையில் ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல ஊர்களிலிருந்தும் உதவிகள் வந்து குவிந்தன. அவற்றுள் பழந்துணி மூட்டைகளும் இருந்தன. எடுப்பாரின்றி அவை சாலையோரங்களில் கிடந்ததை நான் கண்டேன். கடலில் உழைத்து வாழ்ந்த மக்கள், பிறர் கழித்துப்போட்டதை உடுத்த மனம் ஒப்பவில்லை.

அந்நாள்களில், கடற்கரையிலிருந்து வந்தோர் தங்கியிருந்த மண்டபம் ஒன்றின் வாசலில், ஒருநாள் விடியற்காலையில் சில பைகள் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மடிப்புக் கலையாத புதுப்புடவையும் அரிசியும் இருந்தன. ஒரு சீப்பும் சிறு கண்ணாடியும்கூட இருந்தன. பசியோடு, தலைவாரிக்கொள்ளும் ஆசையையும் எண்ணிப் பார்த்த யாரோ ஒருவர் இரவில் வந்து போயிருக்கிறார். பைகளில் பெயர் எதுவும் எழுதப்படவில்லை. ‘ஈ’ என்று கேட்கும் நிலை அன்று அங்கே எவருக்கும் நேரவில்லை.