தோட்பையும் தோற்பையும்

தோளோடு பை சேர்ந்தால் தோட்பை. தோலோடு பை சேர்ந்தால் தோற்பை. இலக்கண வகுப்பில் மாணவரைச் சற்றே தடுமாறச் செய்யும் இவ்விரு சொற்களும் புதுவை நகரில் ஒரே பொருளைக் குறித்து நிற்பதுண்டு. தோளில் மாட்டும் பையைத் தோலினால் செய்து பல நாடுகளுக்கும் அனுப்பும் தொழில் அவ்வூரில் வேரூன்றியிருக்கிறது.

ஆயினும் பை வாங்குவோர் அனைவரும் விலையுயர்ந்த தோற்பையை நாடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையன்று மகாத்மா காந்தி சாலையில் கூடும் சந்தைக்கு, மேற்படிப்பின் பொருட்டு முதன்முறையாக வெளியூர் செல்லவிருக்கும் மகனுடன் தந்தை ஒருவர் வருகிறார் எனக் கொள்க. அவன் சான்றிதழ்கள் அனைத்தும் அந்தப் பையில்தான் செல்லவேண்டும். கடைக்காரர் ஒரு பையின் நடுப்பகுதியை இரு கைகளாலும் பற்றி வலிந்து இழுத்துக் காட்டுகிறார். துணி கிழியவில்லை. தந்தை மகிழ்கிறார். ஆனால் நடுவில் கிழிந்து கெடும் பை அரிது. வார் வந்து பையோடு சேரும் இடமே முதலில் கைவிடுகிறது.

காரணம் எளியது. பையின் நிறை எட்டுக் கிலோ எனின், அசையாமல் தொங்கும்போது தையல் தாங்கும் சுமை ஒன்று. பேருந்தைப் பிடிக்க ஓடும்போது தாங்கும் சுமை வேறு. ஒவ்வோர் அடிக்கும் பை மேலெழுந்து கீழிறங்க, அவ்விழுப்பு முழுவதும் இரண்டு விரல் அகலமுள்ள தையலில் வந்து விழுகிறது. ஆதலின் நல்ல பையில் வாரின் முனையை உள்ளே மடித்து, சதுரமாகத் தைத்து, அச்சதுரத்தின் மூலைக்கு மூலை குறுக்காகவும் தைத்திருப்பர். உட்புறத்தில் ஒட்டுத்துணி ஒன்றும் வைத்திருப்பர். இவற்றை வெளியே நின்று காண இயலாது. பையின் உட்புறம் வெளிவரத் திருப்பிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

குதிரைச் சேணம் தைப்போர் இதனினும் உறுதியான தையலை அறிவர். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இருபுறமிருந்தும் செலுத்தி இறுக்குவர். ஓரிடத்தில் ஓர் இழை அறுந்தாலும் மற்றோர் இழை பிடித்துக்கொள்ளும். தையற்பொறியின் தையலிலோ மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ஒன்று அறுந்தால் அடுத்தடுத்துத் தளர்வதுண்டு.

இனித் தோலுக்கு வருவோம். அமெரிக்காவில் பயின்ற காலத்தில் தோல்வேலையும் கற்றுத் திரும்பிய திலீப் கபூர் என்பார், 1978இல் இருவர் பணிபுரியும் சிறு பட்டறை ஒன்றைப் புதுவையில் தொடங்கினார். அதுவே ஹைடிசைன் என்னும் நிறுவனமாக வளர்ந்தது. தாவரச் சாற்றால் பதனிட்ட தோலும் பித்தளைக் கொக்கியும் அதன் பைகளுக்கு அடையாளங்கள் ஆயின.

பச்சைத் தோல் விரைவில் அழுகிவிடும். மரப்பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரத இழைகளோடு இறுகப் பிணைந்து அழுகலைத் தடுக்கிறது. பாக்கை மெல்லும்போது நாவை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பும் இவ்வினத்ததே. தமிழகத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்கு நெடுங்காலம் பயன்பட்டன. வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குரோமிய உப்பால் பதனிடும் முறை வந்தபின், அதே வேலை ஓரிரு நாட்களில் முடியலாயிற்று. இன்று உலகில் பெரும்பாலான தோல் அம்முறையில்தான் பதனிடப்படுகிறது. விரைவும் மென்மையும் கிடைத்தன; ஆனால் கழிவுநீரைத் தூய்மை செய்யாது விட்ட இடங்களில் நிலமும் கிணறும் கெட்டன. பாலாற்றுப் பகுதி மக்களின் முறையீடு உச்சநீதிமன்றம் சென்று, 1996இல் தீர்ப்புப் பெற்றதை நாடறியும். பட்டைமுறையின் கழிவும் முற்றும் தூயதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பட்டையால் பதனிட்ட தோல், வெயிலும் கையும் பட்டுப்பட்டு நிறம் கனியும். பழகப் பழக அழகு கூடும் பொருள்கள் சிலவே, அவற்றுள் இஃதொன்று. எனினும் தோற்பை கனமானது. ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து அடைத்த அறையில் கிடந்தால் பூஞ்சணம் பூக்கும். 2020இல் நடுவண் அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, பையின் நிறை மாணவனின் உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கைக் கடத்தல் ஆகாது என்கிறது. 45 கிலோ நிறையுள்ள மாணவனுக்கு நாலரைக் கிலோ. வெறும் பையே ஒன்றரைக் கிலோ எனின் நூல்களுக்கு மிஞ்சுவது மூன்றே.

ஆகவே சந்தைக்கு வந்த மகனுக்கு நைலான் பையே பொருந்தும். அதன் துணியைத் 'தெனியர்' என்னும் அளவால் குறிப்பர். 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் நிறை எத்தனை கிராமோ அத்தனை தெனியர். பெரிய எண்ணைக் கண்டவுடன் மயங்க வேண்டா. தடித்த நூலால் நெருக்கமின்றி நெய்த துணியும் உண்டு. வார் அகலமாக இருப்பின் அதே சுமை மிகுந்த பரப்பில் பரவித் தோளை அறுக்காது. கனமான நூல்களை முதுகை ஒட்டி அடுக்கினால் பை பின்னுக்கு இழுக்காது.

மகன் மூன்று பைகளைத் திருப்பிப் பார்த்து வைத்துவிடுகிறான். நான்காவது பை சற்று நிறம் மங்கியது. ஆனால் வாரின் அடியில் ஒட்டுத்துணி இருக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் குறுக்குத் தையல் இல்லை. விலை பேசி வாங்கியபின், தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் தந்தை அதைக் காட்டுகிறார். அவர் பையை வாங்கி, வாரை ஒருமுறை சுண்டி இழுத்துப் பார்த்துவிட்டு, நூலில் மெழுகு தேய்க்கத் தொடங்குகிறார்.