வந்தவளும் போனவளும்

எங்கட பக்கத்தில கல்லூரி எண்டால் அது பள்ளிக்கூடம்தான். மத்திய கல்லூரியில ஆறாம் வகுப்புப் பிள்ளையும் படிக்கும், ஏ.எல். பிள்ளையும் படிக்கும். அதால அமெரிக்காவில ‘பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம்’ எண்டு ஒன்றை போனில பார்க்கத் தொடங்கின புதுசில, இதென்ன பள்ளிக்கூட மட்சுக்கு இவ்வளவு சனமோ எண்டுதான் நினைச்சம். அங்க கல்லூரி எண்டால் பல்கலைக்கழகம். 2023 ஏப்ரல் 2ஆம் திகதி டலஸ் நகரத்தில நடந்த இறுதிப் போட்டிக்கு பத்தொன்பதாயிரம் பேருக்கு மேல வந்திருந்தார்கள். ரீவியில் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட 99 இலட்சம். பெட்டையள் விளையாடுற ஒரு மட்சுக்கு!

இதை எழுதுறது நாங்கள் நாலு பேர். கிளிநொச்சியில ஒரே பள்ளிக்கூடத்து வலைப்பந்து ரீமில விளையாடினாக்கள். இப்ப ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஊரில. அந்த மட்சைப் பற்றி எங்கட வட்ஸ்அப் குறூப்பில தொடங்கின கதைதான் இது. கதைக்கக் கதைக்க அது அமெரிக்காவை விட்டிட்டு எங்கட ஊருக்கே வந்து நிண்டிட்டுது.

முதல்ல அந்த மட்சைச் சொல்லவேணும். ஒரு பக்கம் அயோவா பல்கலைக்கழகம். கெய்ற்லின் கிளார்க் எண்ட பெரிய நட்சத்திரம் அந்த மாநிலத்துப் பிள்ளை. தொடக்கத்தில இறங்கிற ஐந்து பேரும் மூன்று பருவங்களாக ஒன்றாகவே விளையாடினவர்கள். ஒருத்தி எங்க நிற்பாள் எண்டு மற்றவளுக்குப் பார்க்காமலே தெரியும். மற்றப் பக்கம் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். அதில முக்கியமான ஆட்களில் கனபேர் வேறு இடங்களிலிருந்து மாறி வந்தவர்கள். ஏஞ்சல் ரீஸ் மேரிலாண்டில் இரண்டு வருஷம் விளையாடிப்போட்டு வந்தவா. அலெக்சிஸ் மொரிசுக்கு அது நாலாவது பல்கலைக்கழகம். முதலாவது இடத்தில அவாவை ரீமில இருந்து நீக்கின அதே பயிற்றுநர் கிம் மல்கிதான் இங்க அவாவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டவா. ஜாஸ்மின் கார்சனுக்கு மூன்றாவது இடம். அண்டைக்கு வாங்கில இருந்து எழும்பி வந்து 22 புள்ளிகள் எடுத்தா, அதில 21 முதல் பாதியிலேயே. 102க்கு 85 எண்டு லூசியானா வென்றது. அந்தப் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அதுதான் முதல் தேசியக் கிண்ணம்.

முந்தி இப்படி நினைச்சபடி மாற ஏலாது. கூடைப்பந்தில் பல்கலைக்கழகம் மாறினால் ஒரு வருஷம் விளையாடாமல் சும்மா இருக்கவேணும். 2018 ஒக்ரோபரில் மாற விரும்புகிறவர்களின் பெயர்களைப் போடுகிற ஒரு பொதுப் பதிவேடு வந்தது. 2021இல், முதல் தடவை மாறுகிறவர் காத்திருக்கத் தேவையில்லை எண்டாக்கினார்கள். 2024இல், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவையும் மாறலாம் எண்டு வந்திட்டுது. 2021 யூலையில் இருந்து விளம்பரக் காசும் வீராங்கனைகளே எடுக்கலாம். இதால விசுவாசம் போச்சு, காசு இருக்கிற இடம்தான் வெல்லும் எண்டு அங்க கனபேர் புறுபுறுக்கினம்.

விசுவாசம் எண்ட சொல்லு வந்தவுடனேதான் எங்கட குறூப்பில சண்டை தொடங்கினது. ஏனெண்டால் அதே சொல்லை எங்கட ரீமில ஒருத்திக்கு நாங்கள் கேட்டிருக்கிறம்.

வன்னியில பெட்டையளுக்கு வலைப்பந்துதான். காரணம் பெரிய இரகசியமில்லை. கூடைப்பந்தைத் தட்டித் தட்டி ஓடவேணும், அதுக்கு இறுக்கமான, சமமான தரை வேணும். வலைப்பந்தில் பந்தைத் தட்டி ஓடுறதே இல்லை, பிடிச்சு நிண்டு எறியிறதுதான். கிரவல் நிலமும் இரண்டு கம்பமும் இருந்தால் போதும். வலைப்பந்து கூடைப்பந்தில் இருந்து பிறந்ததுதான், ஆனால் காசில்லாத பள்ளிக்கூடத்துக்குத் தோதான பிள்ளை.

நாங்கள் 2009இல் மூன்றாம், நாலாம் வகுப்புப் பிள்ளையள். செட்டிகுளம் முகாமில தறப்பாளுக்குக் கீழ இருந்து படிச்சிட்டு, மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தம். ஐந்தாம் ஆண்டு முடிய முதல் எங்களில் ஒருத்திக்கு நாலு பள்ளிக்கூடம். எங்கட அம்மாமாரின் கதையும் அதுதான். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து வன்னியில புதுசா சேர்ந்த பிள்ளையள் ஒரு பக்கம். அடுத்த வருஷமே கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரம், அக்கராயன் எண்டு பள்ளிக்கூடத்தோடயே இடம்பெயர்ந்த பிள்ளையள் இன்னொரு பக்கம். எங்கட ஊரில ஒரே பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டில சேர்ந்து ஏ.எல். வரைக்கும் படிச்ச ஆளைக் காட்டுங்கோ எண்டால் தேடித்தான் பிடிக்கவேணும். ஆகவே ‘மாறி வந்த வீராங்கனை’ எண்டு பார்த்தால் நாங்கள் எல்லாருமே அதுதான். ஆனால் அந்த மாற்றத்தை ஆரும் எங்களிட்டக் கேட்டுச் செய்யேல்லை. கேட்டு, யோசிச்சு, விரும்பி மாறுகிற பெட்டையைக் கண்டால்தான் எங்கட ஆக்களுக்குக் கோபம் வருது.

எங்கட ஜி.எஸ். அப்படி ஒருத்தி. கோல் ஷூட்டர். ரீமிலயே உயரம், கை ஆடாது. ஓ.எல். முடிய யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில இருந்து கேட்டவை. விடுதி, நல்ல ஆடுகளம், பயிற்றுநர் எல்லாம் இருக்கு எண்டு சொன்னவை. அவள் விடுகைப்பத்திரம் எடுக்கப் போன நாளில் இருந்து ஊரில ஒரே கதை: வளர்த்துவிட்ட பள்ளிக்கூடத்துக்குத் துரோகம் செய்யிறாள்.

அவளின் வீட்டில நடந்த கதை வேற. இங்க பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம்தான் முழு நாட்டுக்கும் பொதுவான திறமை அடிப்படை. 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எந்த மாவட்டம் எண்டு பார்க்கிறது, எந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிச்சாய் எண்டதை வைச்சு. கிளிநொச்சியில இருந்து மாவட்டம் மாறிப் போனால், அங்கத்தைய வெட்டுப்புள்ளியோட மல்லுக்கட்ட வேண்டி வரலாம். ஒரு வலைப்பந்துக்காக கம்பஸ் போற வாய்ப்பைப் பணயம் வைக்கிறதோ எண்டு அவளின்ர அப்பா மூன்று நாள் ஒழுங்காச் சாப்பிடேல்லை. பதினாறு வயசுப் பெட்டை ஒருத்தி இவ்வளவையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்துத்தான் போனவள். துரோகம் எண்டு சொன்ன ஆரும் அந்தக் கணக்கைப் பார்க்கேல்லை.

போன இடத்திலயும் மாலை போட்டு வரவேற்கேல்லை. முதல் வருஷம் முழுக்க வாங்கில இருந்தவள். ‘எங்கட பிள்ளையள் ஆறாம் வகுப்பில இருந்து விளையாடுதுகள், நேற்று வந்தவளுக்கு என்ன இடம்?’ எண்டு சில பெற்றோர் கேட்டவையாம். இங்க போனவள், அங்க வந்தவள். நடுவில அவளுக்குப் பேரில்லை.

இதே நேரம் எங்கட ரீமில இன்னொரு விஷயம் நடந்தது. அதைக் கதைக்கிறபோது எங்கட ஆக்கள் ஒருத்தரும் துரோகம் எண்ட சொல்லை எடுக்கிறதில்லை. முல்லைத்தீவுப் பக்கம் உள்ளுக்குள்ள இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில இருந்து ஒரு பெட்டை ஏ.எல். படிக்க எங்களிட்ட வந்தாள். அவளின்ர பள்ளிக்கூடம் தரம் 11 வரைதான். வன்னியில அப்படிக் கனக்க இருக்கு. ஓ.எல். முடிஞ்சால் பள்ளிக்கூடமே முடிஞ்சுது, மாறாமல் இருக்க வழியே இல்லை. எங்கட ஜி.எஸ்.ஸை யாழ்ப்பாணம் எடுத்தது எண்டு குமுறின நாங்கள், இவளை அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்திட்ட இருந்து எடுத்தம் எண்டு ஒருக்காலும் கணக்கு வைக்கேல்லை.

அவள் வந்து என்ன செய்தாள் எண்டு சொல்லவேணும், ஏனெண்டால் மாறி வாற ஆளின் பெறுமதி அதிலதான் இருக்கு. அவள் பழகின நிலம் மேடும் பள்ளமும். பந்தை நிலத்தில குத்திக் குடுத்தால் எந்தப் பக்கம் எழும்பும் எண்டு தெரியாது. அதால அவளுக்குக் குத்திக் குடுக்கிற பழக்கமே இல்லை. எல்லாம் தோளுக்கு மேலால, நீளமா, நேரா. நாங்கள் கிட்டக் கிட்டக் குடுத்து மெல்ல மெல்ல ஏறுகிற ரீம். அவள் பின்னுக்கு நிண்டு பந்தைப் பிடிச்சால், இரண்டே எறியில பந்து எங்கட வளையத்துக்குக் கிட்ட நிற்கும். முதல் இரண்டு கிழமை ஒருத்தராலயும் அதைப் பிடிக்க முடியேல்லை. பிறகு நாங்கள் ஓடத் தொடங்கினம். உயரமான ஜி.எஸ். இல்லாத குறையை வேகத்தால நிரப்பினம். வலய மட்டம் வென்று மாகாணத்துக்குப் போனது அந்த வருஷம்தான். மாகாணத்தில தோத்தம், அது வேற. ஆனால் எங்கட ரீமுக்கு வேற மாதிரியும் விளையாடத் தெரியும் எண்டு காட்டினவள் கிரவல் நிலத்தில பழகின அந்தப் பெட்டை.

அமெரிக்காவிலயும் நல்லா அமைகிற மாற்றங்கள் இப்படித்தான் இருக்கு. ஹெய்லி வான் லித் லூயிவிலில் பெயர் எடுத்து, 2023இல் சம்பியனான லூசியானாவுக்குப் போனா. அங்க தனக்குப் பழக்கமில்லாத இடத்தில விளையாட விட்டார்கள், சரிவரேல்லை. அடுத்த வருஷம் ரெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு மாறினா. அது 2024 ஜனவரியில் காயங்களால ஆளில்லாமல் இரண்டு மட்சைக் கைவிட்டு, தன்ர மாணவிகளுக்குள்ளேயே ஆள் தேடின அணி. 2025இல் அதே அணி வரலாற்றில் முதல் தடவையாகக் கடைசி எட்டுக்குள் வந்தது. ஆளை எடுத்தால் மட்டும் போதாது, அவள் கொண்டுவாறதுக்கு இடம் விடவேணும். எங்கட ஜி.எஸ். வாங்கில இருந்த வருஷத்தில அந்தப் பெரிய பள்ளிக்கூடம் இழந்தது அதைத்தான்.

எங்களிட்டயும் பெரிய உதாரணம் இருக்கு. தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவன்காரி. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிச்சு, கொழும்பில வங்கி அணிக்கு விளையாடி, பிறகு அவுஸ்திரேலியாக் கழகங்களுக்கும் போனவா. கொஞ்சக் காலம் தேசிய அணியில இல்லாமல் இருந்து திரும்பி வந்து, 2018இல் ஆசியக் கிண்ணத்தை எடுக்க வைச்சா. 2019 உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள், அந்தத் தொடரில் ஆரும் போடாத அளவு. அவா ஊரிலேயே நிண்டிருக்கவேணும் எண்டு இண்டைக்கு ஆரும் சொல்லுவினமோ? வென்ற பிறகு எல்லாரும் ‘எங்கட பிள்ளை’ எண்டு சொல்லுவம். போகிற அண்டைக்கும் அப்படிச் சொல்லத் தெரியவேணும்.

ஒரு விஷயத்தில மட்டும் எங்களுக்குள்ள இன்னும் உடன்பாடில்லை. மாறுகிற சுதந்திரம் நல்லதெண்டாலும், அது எப்பவும் சின்ன இடத்தில இருந்து பெரிய இடத்துக்குத்தான் ஓடுது. கிராமத்தில இருந்து கிளிநொச்சிக்கு, கிளிநொச்சியில இருந்து யாழ்ப்பாணத்துக்கு, அங்க இருந்து கொழும்புக்கு. அதோட வன்னியில இடமாற்றம் எண்டால் முதல்ல ஞாபகம் வாறது ரீச்சர்மார்தான். வெளி மாவட்டத்தில இருந்து வாற விளையாட்டு ரீச்சர் ஒரு ரீமைக் கட்டி எழுப்புவா, சேவைக்காலம் முடிய ஊருக்குப் போயிடுவா, ரீமும் அதோட படுத்திடும். ஒரு பெட்டை போறதால விழுகிற ரீமைவிட ரீச்சர் போறதால விழுகிற ரீம்தான் கூட. ஆனால் ரீச்சரை ஆரும் துரோகி எண்டு சொல்லுறதில்லை. சொல்லவும் தேவையில்லை, அவாவுக்கும் குடும்பம் இருக்கு. அதே நியாயத்தைப் பதினாறு வயசுப் பெட்டைக்கும் குடுங்கோ எண்டுதான் கேட்கிறம்.

போறதை மறிக்க ஏலாது, மறிக்கவும் கூடாது. செய்யக்கூடிய ஒன்று இருக்கு. ஒரு பிள்ளை மாகாணத்திலயோ தேசியத்திலயோ வென்றால், கடைசியாகப் படிச்ச பள்ளிக்கூடத்தின் பெயர்தான் சான்றிதழிலயும் பேப்பரிலயும் வருது. வளையத்தைக் கம்பத்தில கட்டி, வெயிலுக்குள்ள நிண்டு எறியப் பழக்கின அந்தத் தரம் 11 பள்ளிக்கூடத்தின் பெயர் எங்கயும் இல்லை. அதையும் போடுங்கோ. பேட்டி குடுக்கிற பிள்ளையள் அதையும் சொல்லுங்கோ. பெரிய பள்ளிக்கூடங்கள் வருஷத்தில ஒருக்கா அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு சினேகபூர்வ மட்ச் விளையாடிப்போட்டு, இரண்டு பந்தைக் குடுத்திட்டு வரலாம். பெரிய செலவில்லை.

இந்த வருஷம் ஓ.எல். எழுதிப்போட்டு, போறதோ நிற்கிறதோ எண்டு யோசிக்கிற தங்கச்சிமாருக்கு: மாவட்டக் கணக்கைப் பாருங்கோ, விடுதிக் காசைப் பாருங்கோ, அங்க உங்களை விளையாட விடுவினமோ எண்டு வடிவாக் கேளுங்கோ. இதெல்லாம் பார்த்து எடுக்கிற முடிவு எதுவோ அது சரி. துரோகம் எண்ட சொல்லை மட்டும் அந்தக் கணக்கில சேர்க்காதேங்கோ.