பெரிய கண்கள்

எங்கள் மகன் 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிறந்தான். தொட்டிலைச் சுற்றி நின்ற உறவினர் எல்லாரும் முதலில் பேசியது அவனுடைய கண்களைப் பற்றித்தான். "எவ்வளவு பெரிய கண்!" என்று வியந்தார்கள். கண்ணேறு பட்டுவிடும் என்று என் தாயார் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தார். பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று மாமா கேலி செய்தார்.

அந்தப் பெருமை நான்கு மாதம்கூட நீடிக்கவில்லை. வெளிச்சத்தைக் கண்டால் குழந்தை தாயின் தோளில் முகம் புதைத்துக்கொண்டான். கண்களில் ஓயாமல் நீர் வழிந்தது. நாங்கள் முதலில் காட்டிய மருத்துவர், கண்ணீர்க் குழாயில் அடைப்பு என்று கூறி, மூக்கோரத்தை நீவிவிடச் சொன்னார். ஒரு மாதம் நீவினோம். கருவிழியில் பாலாடை படிந்தாற்போல் ஒரு மங்கல் தெரிந்த பின்னரே மதுரைக்குப் புறப்பட்டோம்.

மதுரையில் மயக்க மருந்து கொடுத்துக் கண்ணை அளந்தார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் கருவிழி, குறுக்கே 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயப்பட வேண்டுமாம். எங்கள் மகனுக்கு 13 இருந்தது. பிறவிக் குளுக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிந்து செல்ல வேண்டிய வழி, கருவிலேயே செம்மையாக அமையவில்லை. நீர் தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. வளர்ந்தவர்களின் கண் அதனால் விரிவதில்லை. பச்சைக் குழந்தையின் கண் இளகியதாகையால் பெருத்துவிடுகிறது. நாங்கள் அழகென்று கொண்டாடியது அந்த அழுத்தத்தையே.

இரு கண்களிலும் அறுவை மருத்துவம் நடந்தது. பின்னர் சில மாதங்களுக்கு ஒருமுறை மதுரைப் பயணம், மயக்க மருந்து, அழுத்தச் சோதனை, சொட்டு மருந்து. இன்று அவனது வலக்கண், தடித்த கண்ணாடியின் துணையோடு பாடநூலைப் படிக்கிறது. இடக்கண் வெளிச்சத்தையும் அசைவையும் மட்டும் அறியும்.

அன்று மருத்துவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, "சொந்தத்தில் திருமணமா?" என்பது. என் மனைவி என் தாய்மாமன் மகள். எங்களுக்கு மணம் முடிக்க ஆயரிடம் விதிவிலக்குப் பெற்றிருந்தோம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1091ஆம் விதி, பக்கவழி இரத்த உறவில் நான்காம் படி வரை திருமணத்தைத் தடை செய்கிறது. மாமன் மகளும் அத்தை மகளும் அந்த நான்காம் படியில் அடங்குவர். நம் பங்குகளில் இவ்விதிவிலக்கு பெரும்பாலும் கேட்டவுடன் கிடைத்துவிடுவதால், அதனை ஓலை வாசிப்பதற்கு முந்திய ஒரு காகித வேலையாகவே நாம் கருதிவிட்டோம். அந்தத் தடை எதற்காக என்று 2013இல் நானும் யோசிக்கவில்லை.

மரபணுச் சோதனை பற்றி மருத்துவர்கள் 2020ஆம் ஆண்டிலேயே சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். இவையெல்லாம் கடைசியில் கருவைக் கலைக்கச் சொல்லும் வழிகள், கத்தோலிக்கராகிய எங்களுக்கு வேண்டாம் என்று சற்று மிடுக்காகவே கூறினேன். இதைப் பெருமையோடு எங்கள் பங்குத்தந்தையிடம் சொன்னபோது அவர் பாராட்டவில்லை. கருவிலுள்ள குழந்தையைச் சோதிப்பதைக்கூட, அதன் உயிரையும் நலத்தையும் காக்கும் நோக்கம் இருந்தால் 1987ஆம் ஆண்டின் உரோமை அறிவுரை ஏற்கிறது. அழிக்கும் எண்ணத்தோடு செய்வதையே கண்டிக்கிறது என்று விளக்கினார். "பிறந்து வளருகிற பிள்ளையின் இரத்தத்தைச் சோதிப்பதில் என்ன தடை கண்டீர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உண்மையை இப்போது எழுதலாம். எங்கள் திருமணமே தவறு என்று ஒரு காகிதம் அச்சடித்துச் சொல்லிவிடும் என அஞ்சினேன். என் தாயாரின் அச்சம் என்னுடையதைவிடப் பெரிது. "நான் பாத்து வச்ச சம்பந்தம்தானடா. என் அண்ணன் மகள்னு ஆசையா கொண்டாந்தேன். இனி அந்தக் காகிதத்தை வச்சு ஊரு என்னைக் கேக்கணுமா?" என்று அழுதார். வேளாங்கண்ணிக்கு வெள்ளிக் கண்கள் செய்து காணிக்கை போட்டுவிட்டு வந்தார். அதன்பின் எங்கள் வீட்டில் எவரும் அப்பேச்சை எடுக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் என் தம்பிக்கும் என் மனைவியின் தங்கைக்கும் பெரியவர்கள் பேச்சைத் தொடங்கினார்கள். இருவருக்கும் விருப்பம்தான். வீடே மகிழ்ந்திருந்த அந்த இரவில் என் மனைவி தூங்கவில்லை. "அத்தான், பெரிய கண்ணு பெரிய கண்ணுன்னு நாம நாலு மாசம் சந்தோசப்பட்டோமே, தங்கச்சியும் அப்படிச் சந்தோசப்படணுமா?" என்று கேட்டாள்.

மறு வாரமே மதுரையில் மரபணு ஆலோசகரைச் சந்தித்தோம். அந்த இளம்பெண் ஒரு தாளில் வட்டங்களும் சதுரங்களும் வரைந்து விளக்கினார். இந்நோயை உண்டாக்கும் மரபணுக்களுள் ஒன்று 1997இல் கண்டறியப்பட்ட சி.ஒய்.பி.1பி1. நம் நாட்டில் இந்நோயுள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களிடமே அதில் பிழை அகப்படுகிறது. ஆகவே பணத்தைச் செலவிட்டும் விடை கிடைக்காமல் போகலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பழுதான பிரதி ஒன்றை மட்டும் உடையவர் நோயின்றி வாழ்வார். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டும் வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய். உறவில்லாத தம்பதியருக்கும் இது நேரலாம்; ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் மணக்கும்போது வாய்ப்புக் கூடுகிறது. தம்பி அதைத் தாங்கியிருக்கப் பாதி வாய்ப்பு, அந்தப் பெண்ணுக்கும் பாதி. சோதிக்காமல் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 16இல் 1 பங்கு. சோதித்து, இருவரில் ஒருவரிடம் அது இல்லையென்றால் இந்த வகையில் அச்சத்திற்கு இடமில்லை. இருவரிடமும் இருந்தால் 4இல் 1.

எங்கள் மூத்த மகளைப் பற்றியும் கேட்டேன். அவளுக்கு நோயில்லை, ஆயினும் பழுதைத் தாங்கியிருக்க 3இல் 2 பங்கு வாய்ப்புண்டு. அவளை இப்போது சோதிக்க மாட்டோம் என்றார் ஆலோசகர். வளர்ந்தபின் அறிவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்வாளாம்.

திரும்பும் பேருந்தில் யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. பிறவிக் குருடர் குறித்துச் சீடர்கள் கேட்ட கேள்வியையும், பாவத்தைக் காரணமாக்க இயேசு மறுத்ததையும் எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அம்மனிதரின் பெற்றோரை நான் அன்றுதான் கவனித்தேன். விசாரணையில் அவர்கள் ஊராருக்கு அஞ்சி, மகன் வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். கோழைகள் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். நானும் ஊராருக்கு அஞ்சி நான்கு ஆண்டு வாய்மூடி இருந்தவன்தான். என் மகனுக்கோ ஐந்து வயதுகூட நிறையவில்லை. அவனைக் கேளுங்கள் என்று சொல்லவும் வழியில்லை.

மகனும் நாங்கள் இருவரும் இரத்தம் கொடுத்தோம். 2024 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. மகனிடம் அந்த மரபணுவின் இரு பிரதிகளிலும் ஒரே பழுது; என்னிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று. தாயாருக்கு அதைப் படித்துச் சொன்னேன். இந்தப் பழுது மாமாவிடமும் அவரிடமும் இருந்திருக்கும், அவர்களுக்குத் தாத்தாவோ பாட்டியோ தந்திருப்பார், அவர்களுக்கு யார் தந்தார்களோ என்றேன். அவர் சுவரில் தொங்கிய தம் பெற்றோரின் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களுக்குத் தெரியாதேடா" என்றார்.

தம்பியும் மைத்துனியும் 2025 ஜனவரியில் ஒன்றாகச் சென்று இரத்தம் கொடுத்தனர். அறிக்கை வந்தபின் இருவரும் பங்குத்தந்தையோடு ஒரு மாலை முழுதும் பேசினார்கள். மே மாதம் ஆயரின் விதிவிலக்கோடு அவர்கள் திருமணம் நடந்தது. அறிக்கையில் என்ன இருந்தது என்பதை அவர்கள் வீட்டில் எவருக்கும் கூறவில்லை. என் தாயார் ஒருமுறை கேட்டார். "அது எங்க ரெண்டு பேரு காரியம்மா" என்று தம்பி சொன்னதும் மறுபடி கேட்கவில்லை. குழந்தை பிறந்தால் முதல் வாரமே மதுரைக்குக் கொண்டுபோய்க் கண்ணைக் காட்டிவிட வேண்டும் என்று மட்டும் என் மனைவி தங்கையிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.