காலடிப்பேட்டையில் ஒன்பதரை மணி

"ஒன்பதரை ஆகப்போவுது, வையுடி போனை. அப்புறம் பேசிக்கலாம்!"

கோயம்புத்தூரிலிருந்து நான் போன் போட்டால் அம்மாவின் பதில் இதுதான். பெற்ற மகளைவிட சீரியல் பெரிதாகிவிட்டதே என்று எனக்குள் ஒரே பொருமல். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "நீ மட்டும் லேசுப்பட்டவளா? ஒரு காலத்தில் சீரியலுக்காக எனக்கு ஏழரை மணிக்கே சோற்றைப் போட்டு அனுப்பினவள்தானே!" என்று காலை வாரி விடுவார்.

அவர் சொல்வதிலும் பொய்யில்லை. நானும் சென்னைத் தொலைக்காட்சியும் ஒரே வயசு. இரண்டு பேரும் 1975ல் பிறந்தவர்கள். எங்கள் தெருவில் முதன் முதலில் டி.வி. வாங்கிய வீட்டில், 1987ல் ஞாயிறு காலை "ராமாயணம்" பார்க்க முப்பது பேராவது உட்கார்ந்திருப்போம். ஒருவருக்கும் இந்தி தெரியாது. கதை தெரிந்த என் அம்மாதான், "இப்ப கைகேயி வரம் கேக்கறா பாரு" என்று எல்லாருக்கும் எடுத்துச் சொல்வாள்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, 2000ல் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தேன். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நானும் அம்மாவும் ராதிகாவின் "சித்தி"யைப் பார்த்தோம். அதன் பின் ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கதையான "மெட்டி ஒலி", அப்புறம் தேவயானி நடித்த "கோலங்கள்". ஆறு வருஷம் ஓடிய "கோலங்கள்" 2009 டிசம்பரில் முடிந்தது. பிள்ளைகளின் படிப்பும் கூடிக்கொண்டே போயிற்று. அத்தோடு சீரியலுக்கு முற்றுப்புள்ளி வைத்தேன். அதற்குப் பின் யாராவது சீரியல் பேச்செடுத்தால், "எனக்கு அதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்?" என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்!

2024 பொங்கலுக்குப் பத்து நாள் அம்மாவோடு இருக்கலாம் என்று கிளம்பினேன். அப்பா காலமான பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறாள்.

வடசென்னைக்குப் போவது முன்பெல்லாம் பெரிய யாத்திரை. பாரிமுனையில் பஸ் பிடித்தால், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எந்நேரம் வீடு போய்ச் சேருவோம் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். இப்போது சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் ஏறினால் மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை வரை பூமிக்கடியிலேயே ஓடுகிறது. பிறகு மேலே ஏறி, டோல்கேட் தாண்டிக் காலடிப்பேட்டையில் இறக்கி விடுகிறது. 2021 பிப்ரவரியில் வந்த வசதி இது.

காலடிப்பேட்டை என்றதும் யாரோ மகானின் காலடி பட்ட ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை இது. காலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது! பக்கத்தில் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில். இன்னும் வடக்கே போனால் எண்ணூர்.

அந்தத் தை மாதம் ஊரே கொஞ்சம் சோர்ந்துதான் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போய், மீனவர்களின் படகையும் வலையையும் கறுப்பாக்கியிருந்தது. மீன்காரம்மா கூடையை இறக்கியதுமே, "காசிமேட்டு மீனும்மா, பயப்படாம வாங்கு" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். கூடையைச் சுற்றி நாலு பெண்கள். நெத்திலிக்கு விலை பேசுவதோடு முந்தின இரவு சீரியலையும் அலசினார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினாள். எங்களிடம் வாயால் விலை சொன்ன மீன்காரம்மா, அம்மாவிடம் மட்டும் விரலை விட்டுக் காட்டினார். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ராத்திரி ஒன்பது இருபத்தைந்துக்கு எதிர் வீட்டு அக்கா வந்துவிடுவார். ஒன்பதரைக்கு "எதிர்நீச்சல்". டைரக்டர் யாரென்று கேட்டால், என்னுடைய "கோலங்கள்" எடுத்த அதே திருச்செல்வம்! சரி, பார்ப்போமே என்று நானும் உட்கார்ந்தேன். ஆதி குணசேகரன் என்கிற வீட்டுத் தலைவர், மருமகள்களாக வந்த பெண்களை வாய் திறக்க விடாமல் அதட்டி வைத்திருக்கும் கதை. அந்தப் பாத்திரத்தில் பேர் வாங்கிய மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமாகிவிட, அவர் இடத்தில் வேல ராமமூர்த்தி நடித்துக்கொண்டிருந்தார்.

டி.வி. அலறியது. அப்பா எண்ணூர்ப் பக்கம் மெஷின் இரைச்சலில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர். காது மந்தம். அவருக்காக எங்கள் வீட்டில் எப்போதும் சத்தம் கூடத்தான் வைப்போம். அவர் போன பிறகும் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அக்கா வேறு, விளம்பரம் வரும்போதெல்லாம் நடந்ததை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "இவங்க கொஞ்சம் வாயாடிதான்" என்று அதற்கும் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டேன்!

ஐந்தாம் நாள் அக்கா உறவுக்காரர் விசேஷத்துக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் மட்டும் பார்த்தோம். நிமிஷத்துக்கு ஒரு தரம், "இப்ப இன்னா சொன்னா அவ? எதுக்கு அழுவறா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. "சும்மா பாரேம்மா! நீதானே தெனம் பாக்கறே?" என்று சிடுசிடுத்தேன்.

அம்மா பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அந்தாளு பேசறது மட்டுந்தான் எனக்குக் கேக்குது. பொம்பளைங்க பேசுனா வாய் அசையறதுதான் தெரியுது. மிச்சத்தை அவ வந்து சொல்லுவா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப, போன்ல?"

"உன் கொரலும் பொம்பளைக் கொரல்தானே கண்ணு. நீ கேக்கறதுக்கு மாத்தி ஏதாச்சும் சொல்லிட்டா, அம்மாவுக்குப் புத்தி தடுமாறிப் போச்சுன்னு பயந்துக்குவே. அதான் வெச்சிடுவேன்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை நாள் இவளோடு மனசுக்குள் சண்டை போட்டிருக்கிறேன்! அன்று தெருவுக்கே கதை சொன்னவள், இன்று அடுத்தவர் சொல்லக் காத்திருக்கிறாள்.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்து, ராயபுரத்தில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப்போனேன். வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்த்ததும் அம்மா உற்சாகமாகி, "தென்னாட்டுக்கே மொத ரயிலு இங்கேருந்துதான் போச்சு, தெரியுமா?" என்றாள். 1856 ஜூலை 1ம் தேதி வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய ரயில் அது. அம்மாவின் புத்தியில் ஒரு தடுமாற்றமும் இல்லை!

டாக்டர் முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். சில பேருக்கு அதை எடுத்தாலே போதுமாம். அம்மாவுக்கு அப்படி இல்லை. சத்தம் நுழையாத அறையில் உட்கார வைத்து, கேட்கும் சக்தியை அளந்தார்கள். ஊசி, வலி எதுவும் கிடையாது. வயதால் வந்த குறை என்று தெரிந்தது.

டாக்டர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். வயதாகும்போது முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். அதனால் கனத்த ஆண் குரலைவிட, பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் புரிவது கஷ்டம். சத்தம் கேட்கும், வார்த்தை பிடிபடாது. பின்னணி இசை சேர்ந்தால் இன்னும் மோசம். உலகத்தில் 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வாழ்க்கையைப் பாதிக்கிற அளவு காது கேளாமை இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கவனிக்காமல் விட்டால் மனிதர்கள் பேச்சிலிருந்து ஒதுங்கிப் போவார்கள். மறதி நோய்க்கும் அது ஒரு காரணமாகலாம் என்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் மாமியாரோ அம்மாவோ டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், "இன்னொரு தரம் சொல்லு" என்று அடிக்கடி கேட்டால், போனைச் சட்டென்று வைத்தால், கோபப்படுவதற்கு முன் ஒரு தரம் காதைப் பரிசோதித்து விடுங்கள். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கும் போகலாம். அவர்களிடம் பேசும்போது கத்தாதீர்கள். டி.வி.யை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேரே நின்று நிதானமாகப் பேசினால் போதும்.

காதுக் கருவி வாங்கினோம். முதல் வாரம், "பாத்திரம் கழுவுனா காதுல இடி இடிக்குது" என்று அம்மா கழற்றிக் கழற்றி வைத்தாள். பழக நாளாகும், தினம் கொஞ்ச நேரமாகக் கூட்டிக்கொண்டே போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூடவே இருந்து பழக்க, பத்து நாளை இருபதாக்கிக்கொண்டேன். ஒரு நாள் ராத்திரி, அம்மா தானாகவே ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். நானும் எதிர் வீட்டு அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கோவை திரும்பிய பிறகும் நான் சீரியலை விடவில்லை. "எதிர்நீச்சல்" 2024 ஜூனில் முடிந்து, டிசம்பரில் "எதிர்நீச்சல் தொடர்கிறது" என்று மறுபடி வந்தது. அங்கே அம்மாவும் அக்காவும், இங்கே நானும். முடிந்த கையோடு போன் மணி அடிக்கும். இப்போதெல்லாம் கூப்பிடுவது அம்மாதான்.

"பாத்தியா அவ கேட்ட கேள்விய? நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டா இல்ல?"

சீரியலில் ஆரம்பித்து, மாத்திரை, கீரை, பேத்தியின் கல்யாணம் என்று அரை மணி ஓடிவிடும். வைக்க மனசு வராது, அவளுக்கும், எனக்கும்.

ஒரே ஒருத்தருக்குத்தான் குறை. எங்கள் வீட்டில் மறுபடியும் ஏழரை மணிக்கே சோறு!