கரடியனாற்றில் மூத்தோர் திருநாள்

பழைய மாணவராகிய நாம் ஒருவரையொருவர் காணும்போது முதலிற் கேட்கும் வினா காலந்தோறும் மாறி வந்துள்ளது. கல்லூரியை விட்டு வெளியேறிய புதிதில், "எங்கே உத்தியோகம்?" என்று கேட்டோம். சில ஆண்டுகள் கழிய, "பிள்ளைகள் எத்தனை பேர்?" என்றோம். இப்பொழுது, "யாரோடு இருக்கிறீர்?" என்று கேட்கின்றோம். கேட்பவர் குரலும் இவ்வினாவின்போது சிறிது தாழ்கின்றது. "மகளோடு", "கனடாவில் மகனோடு", "தனியே" என விடைகள் வருகின்றன. விழா மலர்க் குழுவினர் எம்மையும் ஒரு கட்டுரை வரையுமாறு பணித்தபோது, அவ்வினாவுக்கு எமது விடையையே எழுதலாமெனத் துணிந்தோம்.

யாம் இருப்பது கரடியனாற்றில். மட்டக்களப்பிலிருந்து வடக்கே செல்லும் பெருவீதியைச் செங்கலடியில் விட்டு, மேற்கே பதுளை நோக்கிச் செல்லும் வீதியிற் பயணஞ் செய்வோர் இவ்வூரைக் கடந்தே செல்வர். வாவிக்குக் கிழக்கே ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், மேற்கே அது படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பு மக்கள் வழங்குவர். எம்மூர் மேற்குப் புறத்தது. உன்னிச்சை, உறுகாமம் முதலிய பெருங்குளங்களைக் கொண்ட வயல்நாடு இது. மாரி மழையை நம்பி விதைப்பதும், இரவிற் பரணிலிருந்து யானைக்குக் காவல் இருப்பதும், அறுவடையானதும் களவெட்டியிற் சூடு வைப்பதுமாக இங்கு ஆண்டு கழிகின்றது. நெல்லை நெல்லென்று சொல்லாமற் 'பொலி' என்று சொல்லும் களத்து வழக்கை இன்றும் முதியோர் வாயிற் கேட்கலாம்.

இவ்வூருக்கு யாம் ஆசிரியராய் வந்தோமல்லோம், மருமகனாய் வந்தோம். மட்டக்களப்பு நாட்டில் மணமகன் பெண்வீட்டுக்குச் செல்வதே முறை. வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாய்ச் சேரும். மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவிலோ அருகிலோ இன்னொரு வீட்டிற் குடியேறுவர். அடுத்த மகளுக்கு மணமாகும்போது மீண்டும் பெயர்வர். ஈற்றில், தாயைச் சுற்றி மகளிர் வீடுகளும், மகளிரைச் சுற்றிப் பேரப்பிள்ளைகளுமாய் ஒரு சிறு குடியிருப்பே உருவாகிவிடும். முதுமைக்கென ஒரு கிராமத்தை மேனாட்டார் திட்டமிட்டுக் கட்டுமுன்னரே, எம்மவர் அதனை வளவுக்குள் கட்டி வைத்திருந்தனர் எனலாம்.

அவ்வமைப்பு இன்று முழுமையாக இல்லை. 1978 நவம்பர் 23 ஆந் திகதி இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளையும் தென்னைகளையும் ஒருங்கே வீழ்த்தியது. அவை மீண்டும் எழுந்தன. அதன் பின் வந்த போர்க்காலம் வீழ்த்தியவை அவ்வாறு எழவில்லை. 2007 இல் படுவான்கரை மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்து, வாவிக்கு அப்பால் முகாம்களிலே தங்கித் திரும்பினர். போர் ஓய்ந்த பின்னும், 2010 செப்டெம்பர் 17 இல் இவ்வூரில் வீதி வேலைக்கென வைத்திருந்த வெடிமருந்து வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பல வீடுகளில் ஆண்மக்கள் இலர். மகளிருட் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் சென்றுள்ளனர். ஆதலின் எழுபது வயது மூதாட்டி காலையில் அடுப்பு மூட்டி, பேர்த்திக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பும் காட்சியை எம்மூரில் வீதிதோறுங் காணலாம். வளவு இருக்கின்றது, கிழவியும் குழந்தையும் இருக்கின்றனர், நடுவே இருந்தவர்களைக் காணோம்.

2022 ஆம் ஆண்டு மார்கழியில், எம் மகன் அழைத்தமையால் யாமும் துணைவியாரும் சிட்னி நகருக்குச் சென்றிருந்தோம். அங்கே அவன் எம்மை ஒரு மூத்தோர் குடியிருப்புக்கு அழைத்துச் சென்றான். எமக்கென அங்கு ஒரு வீடு பார்க்கும் எண்ணம் அவனுக்கு இருந்தது என்பதை வாயிலில் நுழைந்த பின்னரே உணர்ந்தோம். ஒழுங்கான பாதைகள், பூஞ்செடிகள், நூலகம், மருத்துவருக்கு ஓர் அறை என யாவும் குறைவின்றி இருந்தன. அமெரிக்க நாட்டின் அரிசோனாவில் 1960 சனவரி முதலாந் திகதி திறக்கப்பட்ட 'சன் சிற்றி' என்னும் மூத்தோர் நகரம் இத்தகைய குடியிருப்புகளுக்குப் பெரியதோர் எடுத்துக்காட்டாய் விளங்கியதென்பர். இந்தியாவிலும் கோயம்புத்தூர்ப் பகுதியில் இத்தகையன பல எழுந்துள்ளன. 2004 ஆழிப்பேரலையின் பின் ஹெல்பேஜ் இந்தியா நிறுவனம் கடலூர் மாவட்டத்தில் தாமரைக்குளம் என்னும் முதியோர் கிராமத்தை ஏழை முதியோருக்கென அமைத்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

சிட்னிக் குடியிருப்பில் எம் கருத்தைக் கவர்ந்தது கட்டடமன்று. நத்தார் விழாவுக்கு அங்குள்ளோர் ஆயத்தஞ் செய்து கொண்டிருந்தனர். அந்நாட்டில் அது கோடைகாலம். ஊன்றுகோலுடன் நின்ற ஒரு பெரியவர் மேசைகளை எங்ஙனம் இடுவதென்று மற்றொருவருடன் வாதாடிக் கொண்டிருந்தார். ஒரு மூதாட்டி பாடகர் குழுவைப் பழக்கினார். ஊழியர்கள் சற்று விலகியே நின்றனர். அம்மாநிலத்தின் 1999 ஆம் ஆண்டு மூத்தோர் குடியிருப்புச் சட்டம், குடியிருப்போர் தமக்கென ஒரு குழுவைத் தெரிவு செய்ய இடமளிக்கின்றது என்று அறிந்தோம். எனினும் பிள்ளைகளின் குரல் அங்கே கேட்கவில்லை. அங்கே சிறுவர் இலர். எம்மூரில் நடுவயதினர் இலர். இரு குறைகளையும் ஒப்புநோக்கியவாறே வீடு திரும்பினோம். "யோசித்துச் சொல்லுங்கள், அப்பா" என்றான் மகன்.

ஊர் மீண்டதும் எம்மை முதியோர் சங்கத்தின் செயலாளராக்கினர். ஒக்டோபர் முதலாந் திகதியை உலக முதியோர் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 1990 இல் அறிவித்தது. இலங்கையில் சிறுவர் தினமும் அதே நாளில் வருகின்றது. 2023 இல் அந்நாளைச் சிறப்பாக நடத்த எண்ணினோம். வெளிநாட்டு நண்பர் சிலர் பணம் அனுப்பினர். பந்தலிட்டுக் கதிரைகளை வரிசையாய் வைத்து, மூத்தோரை அவற்றில் இருத்தி, ஒவ்வொருவருக்கும் சால்வை போர்த்து, உலருணவுப் பொதியும் கொடுத்தோம். உரைகள் நீண்டன, யாமும் நீளவே பேசினோம். படங்கள் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினோம்.

அன்று மாலை, எண்பது கடந்த மூதாட்டி ஒருவர் எம் படலையருகே வந்து நின்றார். ஊரில் எவ்வீட்டிற் கலியாணமென்றாலும் முதற் குரவை அவர் வாயிலிருந்தே எழும். "மனே வாத்தியார், சால்வை நல்லாத்தான் இரிக்கி" என்று தொடங்கினார். "ஆனா, விருந்துக்கு வந்தவளப் போல என்னய ஏன் கதிரையில இருத்தி வெச்சீங்க? இது எங்கட ஊர் இல்லியா மனே?" என்றார். சினந்து சொல்லவில்லை; அறியும் பொருட்டே கேட்டார். எமக்கு விடை தோன்றவில்லை. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்ன யாம், அன்று பாடங் கேட்டோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அதன் பின் சங்கத்தைக் கூட்டி ஒன்றே கேட்டோம்: "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பதை விடுத்து, "உங்களால் எது முடியும்?" என்றோம். முதலில் எவரும் பேசவில்லை. பின்னர் ஒருவர் மத்தளம் வாசிப்பேன் என்றார். வடமோடிக் கூத்தில் இளமையில் ஆடியவர் அவர். ஒருவர் கயிறு திரிப்பேன் என்றார். முன்னாளில் வட்டவிதானையாய் இருந்தவர், எந்த மேகத்துக்கு எப்போது வரம்பு கட்டுவதென்று சொல்லித் தருவேன் என்றார். குரவை மூதாட்டியோ, "பொங்கப் பானைய எனக்கிட்டத் தாங்க" என்றார்.

2024 தைப்பொங்கல் கோயில் முன்றிலில் அவ்வாறே நடைபெற்றது. மூதாட்டியர் கோலமிட்டனர், பேர்த்தியர் மாவேந்தி நின்றனர். பால் பொங்கியபோது எழுந்த குரவை வயலுக்கு அப்பாலும் கேட்டிருக்கும். அவ்வாண்டு தைப்பூசத்தன்று, முதற் கதிரிற் சிறிது எடுத்துக் குற்றிப் புதிர் சமைக்கும் முறையை, உலக்கை பிடித்தறியாத சிறுமியர் கற்றுக் கொண்டனர்.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பெருமரக் கிளையில் ஊஞ்சல் கட்டினோம். கயிறு அப்பெரியவர் திரித்தது. மருத்துநீருக்குத் தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, திப்பிலி முதலியன சேர்ப்பர். அவற்றின் அளவு பற்றி இரு மூதாட்டியர் மாறுபட்டு, மூன்று நாள் தம்முட் பேசாதிருந்தனர். யாம் முதலிற் கவலையுற்றோம், பின்னர் மகிழ்ந்தோம். விருந்துக்கு வந்தோர் இங்ஙனம் சண்டையிடார், உரியவர்களே சண்டையிடுவர். புத்தாண்டுக் காலையில் அவ்விருவருமே ஒருங்கு நின்று பிள்ளைகளின் தலையில் மருத்துநீர் வைத்தனர். கைவிசேடம் பெற நின்ற சிறுவர் வரிசை படலை வரை நீண்டது. ஐந்து ரூபாய்க் குற்றிகளே. எனினும் பெறும் கையினும் கொடுக்கும் கையே மிகுதியாய் நடுங்கியதைக் கண்டோம்.

வைகாசியிற் கண்ணகியம்மன் கோயில்களின் கதவு திறக்கும் காலம் வந்தது. வாடகை வாகனமொன்றில் மூத்தோரையும் சிறுவரையும் ஏற்றிக் கொண்டு குளிர்த்திக்குச் சென்றோம். மதுரையை எரித்த அம்மனின் வெம்மையைத் தணித்தலே குளிர்த்தியின் கருத்து. கொம்புமுறி விளையாட்டில் கோவலன் பக்கத்தார் வடசேரி என்றும், கண்ணகி பக்கத்தார் தென்சேரி என்றும் பிரிந்து நின்ற கதையை வழிநெடுக ஒரு பெரியவர் சொல்லி வந்தார். தாம் தென்சேரியாரென்றும், தம் சேரி ஒருகாலும் தோற்றதில்லையென்றும் அவர் சொன்னதைப் பிள்ளைகள் முழுவதும் நம்பவில்லை.

அவ்வாண்டு ஒக்டோபர் முதலாந் திகதி கதிரை வரிசை இல்லை. பாய் விரித்து, ஒவ்வொரு மூத்தவரைச் சுற்றியும் நாலைந்து சிறுவரை இருத்தினோம். 1978 சூறாவளி இரவில் அவரவர் எதைப் பற்றிக் கொண்டு உயிர் தப்பினர் என்று பிள்ளைகள் கேட்டுக் கொப்பியில் எழுதினர். கட்டிலின் கீழ் ஒதுங்கியோர், உரலைக் கட்டியணைத்தோர், அயலவர் வளவிலிருந்த கல்வீட்டை நோக்கித் தவழ்ந்தோர் எனப் பலவாறு எழுதினர். அக்கொப்பிகள் எம் அலுமாரியில் உள்ளன. பள்ளிப் பாடநூலில் இல்லாத வரலாறு அவற்றில் இருக்கின்றது.

இவற்றால் யாவும் நிறைவுற்றன என்று யாம் சொல்லவில்லை. படுக்கையிற் கிடப்போருக்குப் பொங்கற் பானை மருந்தாகாது. அவர்களுக்குத் தாதியும் ஊர்தியும் வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது எனக் கூறி, பராமரிப்புக் கோருவதற்கும் வழி வகுத்துள்ளது. அச்சட்டம் உணவும் உறைவிடமும் பெற்றுத் தரலாம். ஊரில் ஒருவருக்குரிய வேலையை ஊரவரே கொடுத்தல் வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கையில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தோர். அத்தொகை மேன்மேலும் பெருகுகின்றது. அத்தனை பேரையும் கதிரையில் இருத்திச் சால்வை போர்த்துதல் எந்த நாட்டாலும் இயலாது.

வெளிநாடுகளில் வாழும் எம் பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாங்கள் பிறந்த ஊர் மூத்தோருக்கு உதவ விரும்பின், பொதிகளோடு நின்றுவிடாதீர்கள். ஒரு பெரும் பானை, ஒரு மத்தளம், குளிர்த்திக்குச் செல்ல ஒரு நாள் வாகனக் கூலி ஆகியவற்றையும் எண்ணுங்கள். கொடுக்குமுன், அவர்களால் எது முடியுமென்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

குரவை மூதாட்டி 2025 மாசியிற் காலமானார். யாம் போர்த்திய சால்வை மடிப்புக் குலையாமற் பெட்டியில் இருந்தது. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டில் ஊஞ்சலருகே அனைவரும் கூடி நின்றபோது, முதற் குரவை எழவேண்டிய நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். அப்போது கூட்டத்தின் பின்புறமிருந்து அவருடைய பேர்த்தி குரவையிட்டாள். தாய் குவைத்தில் இருக்க, அப்பாட்டியின் கையில் வளர்ந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை அவள். முதலிற் குரல் தளர்ந்தது. பின்னர் ஏனைய பெண்கள் சேர்ந்து கொள்ள உயர்ந்தது.

அன்றிரவு மகன் தொலைபேசியில் அழைத்தான். சிட்னி வீட்டைப் பற்றி என்ன முடிவு என்று கேட்டான். வைகாசியிற் குளிர்த்திக்கு வாகனம் பேசியிருப்பதையும், அதனை விட்டு வர இயலாதென்பதையும் சொன்னோம். அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்படியென்றால் அடுத்த பொங்கலுக்கு நாங்கள் வருகிறோம், அப்பா" என்றான்.

எம்மைக் காணும் நண்பர்கள் இனி, "யாரோடு இருக்கிறீர்?" என்று குரல் தாழ்த்திக் கேட்க வேண்டியதில்லை. யாம் ஊரோடு இருக்கின்றோம். கரடியனாற்றுப் பக்கம் வருவோர் எம் வீட்டில் ஒருவேளை உண்டு செல்க. அன்று விழா நாளாயின், அவர்களுக்கும் ஒரு வேலை காத்திருக்கும்.